சேறு போகும் வழி

தமிழில் 'தூர்' என்று ஒரு சிறு சொல் உண்டு. மரத்தின் அடியைத் தூர் என்கிறோம். பானையின் அடியையும் தூர் என்கிறோம். கிணற்றிலும் குளத்திலும் அடியிற் படிந்து கிடக்கும் சேற்றுக்கும் அதுவே பெயர். அச்சேற்றை அள்ளி வெளியேற்றுவது தூர் வாருதல். அள்ளாமல் விட்டால் நீர்நிலை தூர்ந்து போகிறது. நீரைத் தேக்கி வைத்து வாழக் கற்ற ஒரு சமுதாயம், தேங்கிய நீரோடு என்றும் போராட வேண்டியிருந்தது என்பதற்கு இச்சொற்களே சான்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், குளத்தைத் துலக்கும் கருவிகளின் வரலாறு. வீட்டோடு சேர்ந்த நீச்சற்குளத்தைத் தானே சுற்றிவந்து துப்புரவு செய்யும் பொறிகள் இக்காலத்தில் விற்பனைக்கு வந்துள்ளன. கம்பம் பள்ளத்தாக்கிலும் தோட்ட வீடுகள் சிலவற்றிலும் தங்கும் விடுதிகள் சிலவற்றிலும் நீச்சற்குளங்கள் இருக்கின்றன. அவற்றை உடையவர்கள், பல பொறிகளுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கடைக்காரரைக் கேட்கிறார்கள். கடைக்காரர் விலையைச் சொல்வார். வரலாறு காரணத்தைச் சொல்லும். நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்வியைச் சந்தித்து, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் கண்டவர்கள். ஆதலின் அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

முதலில், நீர்நிலையில் சேறு ஏன் சேர்கிறது என்பதை அறிதல் வேண்டும். ஓடும் நீர் தன் விரைவுக்கு ஏற்ப மண்ணைச் சுமக்கும். விரைவு குறைந்தால் சுமையை இறக்கும். முதலில் கூழாங்கல், பின்னர் மணல், கடைசியில் நுண்ணிய வண்டல் என்று வரிசையாகப் படியும். தேக்குவது என்றாலே நீரின் விரைவை அடக்குவதுதான். ஆகவே எந்த நீர்நிலையும் கட்டி முடித்த நாளிலிருந்தே தூரத் தொடங்குகிறது. வெளியிலிருந்து மண் வராத சிறு தொட்டியில்கூடக் காற்று தூசியைத் தூவுகிறது. மரம் இலையை உதிர்க்கிறது. வெயில் பாசியை வளர்க்கிறது.

இவ்வுண்மையை மிகப் பழங்காலத்திலேயே மக்கள் அறிந்திருந்தனர். சிந்துவெளியில் மொகஞ்சதாரோ நகரில் 1925-26-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளிப்பிடம், ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. ஆழம் சுமார் 2.4 மீட்டர். செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசிக் கட்டியிருக்கிறார்கள். அதன் தளம் ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அம்மூலையில் வடிகால் வாய் இருக்கிறது. நீரைத் திறந்துவிட்டால், கடைசியாக வடியும் நீர் அடியில் கிடக்கும் அழுக்கையும் வாரிக்கொண்டு செல்லும். குளத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பில் ஒரு பங்கைத் தளத்தின் சாய்வுக்கே கொடுத்துவிட்ட கட்டடக்கலை இது. நம் தென்னந்தோப்புகளில் பம்புசெட்டுத் தொட்டி கட்டும் கொத்தனார் அடிவாட்டத்தில் ஒரு துளை வைத்து, தளத்தை அதை நோக்கிச் சற்றே சரித்துப் பூசுகிறார். அவர் மொகஞ்சதாரோவைப் பற்றிக் கேள்விப்பட்டிராவிட்டாலும் அதே அறிவையே பயன்படுத்துகிறார்.

தொட்டியை வடித்துக் கழுவலாம். பல நூறு ஏக்கருக்குப் பாசனம் தரும் ஏரியை அவ்வாறு வடித்துவிட முடியுமோ? நம் பகுதியில் ஏரியைக் கண்மாய் என்று வழங்குகிறோம். பெரியகுளம், தாமரைக்குளம் என ஊர்களே குளத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தேனியில் மீறுசமுத்திரம், கம்பத்தில் வீரப்பநாயக்கன்குளம் என்று நகர்களை ஒட்டியும் கண்மாய்கள் இருக்கின்றன. மேகமலையும் வருசநாட்டு மலைகளும், வடக்கே பழனி மலைத்தொடரும் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கில், பெய்யும் மழை சரிவுகளின் மண்ணைக் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. ஆகவே கண்மாய்க்கு நீரைத் தரும் மழையே அதைத் தூர்ப்பதற்கான மண்ணையும் தருகிறது.

பெரிய ஏரிகளைத் துலக்குவதற்குப் பண்டைத் தமிழர் கண்ட முதல் வழி, மனிதக் கையும் அதற்கான நிலையான ஏற்பாடும் ஆகும். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் என்னும் ஏரி உண்டு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அதனை ஆண்டுதோறும் தூர் வாருவதற்கென்று பொன் வைக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. முதற் பொருள் கரையாதிருக்க, அதன் வட்டியைக் கொண்டு பணி நடத்துவதே அக்கால அறக்கட்டளைகளின் முறை. 'ஆண்டுதோறும்' என்ற சொல்லை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஏரி முற்றும் தூர்ந்த பின் ஒருமுறை பெருஞ்செலவு செய்வதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை சிறிது செய்வதே நன்று என்ற தெளிவு அதில் இருக்கிறது.

அதே உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியத்துக்கு 6 உறுப்பினர்கள். ஓராண்டே பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது. ஏரியின் சேற்றுக்கும் கணக்கின் தூய்மைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கணக்கு மாசுபட்ட ஊரில் ஏரி தூய்மையாக இருந்ததில்லை என்பதே விடை.

ஏரி நீர் வற்றும்வரை காத்திராமல், நீர் நிற்கும்போதே சேற்றை எடுக்க ஓடங்களைப் பயன்படுத்தினார்கள். ஓடத்தில் சென்று அடிச்சேற்றைக் கூடைகளில் அள்ளிக் கரையில் கொட்டுவது வழக்கம். அவ்வோட்டக்காரர்களுக்கு நெல்லாகக் கூலி கொடுக்கவும், ஓடத்தைப் பழுது பார்க்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் பங்கு கொடுக்கவும் கல்வெட்டுகளில் ஏற்பாடு காண்கிறோம். கருவியை வாங்குவதோடு நில்லாமல், அக்கருவியைப் பழுது பார்ப்பவனுடைய உணவுக்கும் வழி செய்திருக்கிறார்கள். அள்ளிய சேறும் வீணாகவில்லை; அதுவே கரையை உயர்த்திப் பலப்படுத்தியது. குளத்து மீன் வருவாயாகிய பாசிப்பாட்டத்தைக் குளத்துப் பணிக்கே ஒதுக்கிய கல்வெட்டுகளும் உண்டு. நம் பக்கத்துக் கண்மாய்களில் 'மீன்பாசிக் குத்தகை' என்று இன்றும் ஏலம் விடுகிறார்களே, அச்சொல்லில் அப்பழைய பெயரின் எதிரொலி கேட்கிறது.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. அது நீரைக் கொண்டே சேற்றை வெளியேற்றும் வழி. அதன் பெயர் குமிழித் தூம்பு. புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் பழைய கண்மாய்களுக்குச் சென்றால், கரைக்குச் சற்று உள்ளே, நீர்பிடிப்பில் இரண்டு உயரமான கல் தூண்கள் நிற்பதையும், அவற்றைக் குறுக்குக் கற்கள் இணைப்பதையும் காணலாம். சிலவற்றில் கட்டியவர் பெயரும் காலமும் பொறித்த கல்வெட்டு இருக்கும். பல்லவர், பாண்டியர், சோழர் காலங்களில் இவை அமைக்கப்பட்டன. நம் பள்ளத்தாக்கும் அப்பாண்டிய நாட்டின் பகுதியே. பத்தாம் நூற்றாண்டில் பாண்டியன் இராசசிம்மன் வழங்கிய பெரிய செப்பேடு நம் சின்னமனூரில்தான் கிடைத்தது.

தூண்களின் அடியில், ஏரியின் தரைமட்டத்தில், கல்லால் ஆன ஒரு தொட்டி இருக்கும். அத்தொட்டியிலிருந்து கரைக்கு அடியாக ஒரு சுருங்கை வெளியே வாய்க்காலுக்குச் செல்லும். தொட்டியின் மேற்பலகையில் ஒரு பெரிய துளை. அதனைக் கூம்பு போன்ற ஓர் அடைப்பு மூடியிருக்கும். இதனை நீரோடித் துளை என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். தொட்டியின் கீழ்ப்பக்கத்தில், தரையை ஒட்டிச் சிறிய துளைகள் இருக்கும். இவை சேறோடித் துளைகள். பாசனத்துக்கு நீர் வேண்டும்போது, மடைப் பணியாளர் நீந்திச் சென்று தூணின்மீது ஏறி அடைப்பைத் தூக்குவார். நீர் மேலிருந்து பெருவிரைவோடு தொட்டிக்குள் பாய்ந்து சுருங்கை வழியே ஓடும். அவ்வோட்டத்தின் இழுப்பினால், கீழ்த்துளைகளின் அருகில் கிடக்கும் சேறு கலங்கி, நீரோடு நீராக வெளியேறும். மேலே நீர்க்குமிழிகள் எழும். குமிழி என்ற பெயரும் அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது.

இதில் அமைந்த நுட்பத்தைப் பாருங்கள். சேற்றை எடுக்கத் தனியே ஆளும் இல்லை, மாடும் இல்லை. பாசனத்துக்காக எப்படியும் வெளியேற வேண்டிய நீரே, போகிற போக்கில் சேற்றையும் கொண்டு போகிறது. வயலுக்கோ அச்சேறு உரம். குளத்துக்குக் குப்பையாக இருந்தது பயிருக்கு உணவாகிறது.

இதனைப் பள்ளிக் கூடத்திலேயே செய்து பார்க்கலாம். நான் பணியாற்றிய காலத்தில் மாணவர்களுக்குப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். ஒரு கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, அடியில் விரல் கனத்துக்குக் களிமண் படியவிடுங்கள். ஒரு ரப்பர்க் குழாயை நீரால் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியின் அடியிலும் மற்றொரு முனையைக் கீழே வைத்த வாளியிலும் விடுங்கள். நீர் ஓடத் தொடங்கியதும் குழாயின் வாயருகில் உள்ள களிமண் கலங்கி உள்ளே செல்வதைக் காண்பீர்கள். இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியவரும். குழாயின் வாயைச் சுற்றி ஒரு சிறு வட்டம் மட்டும் தூய்மையாகும். அப்பால் உள்ள மண் அசையாது. குழாயை நகர்த்தினால்தான் அடுத்த இடம் துலங்கும்.

குமிழித் தூம்பின் ஆற்றலும் எல்லையும் இந்த ஒரு சோதனையில் அடங்கிவிடுகின்றன. தூம்பின் வாய் அடைபடாமல் அது காத்துக்கொள்ளும். அருகிலுள்ள சேற்றைத் தள்ளும். ஏரி முழுவதையும் அது துலக்கிவிடாது. இக்காலத்தில் சிலர், நம் முன்னோரின் தூம்பு இருந்தால் தூர் வாரவே வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். முன்னோரே அவ்வாறு நினைக்கவில்லை. தூம்பு வைத்தவர்களே பொன்னும் வைத்தார்கள், வாரியமும் வைத்தார்கள், ஓடமும் விட்டார்கள். கோடையில் கண்மாய் வற்றியதும் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரம்பை மண்ணை வெட்டி வயலில் கொட்டினார்கள். கருவி ஒரு பங்கைச் செய்தது. எஞ்சிய பங்கைக் கை செய்தது.

பிற்காலத்தில் இந்தக் கட்டுக்கோப்பு தளர்ந்தது. ஊரார் கூடிச் செய்யும் பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சியில் நிலவரியும் நிருவாகமும் மையப்பட்டபோது, ஊருக்கிருந்த வருவாயும் அதிகாரமும் குறைந்தன. வேலை மட்டும் ஊரின் தலையில் நின்றது. வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறினால் தண்டனை என்று 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் சென்னை மாகாணத்தில் விதித்தது. மனமுவந்து செய்த வேலையைச் சட்டத்தால் வாங்க வேண்டிய நிலை வந்ததென்றால், நோய் முற்றிவிட்டது என்றே பொருள். பழுதான தூம்புகள் இருந்த இடங்களில் திருகித் திறக்கும் இரும்புக் கதவுகள் வந்தன. அவற்றைக் கரையில் நின்றே இயக்கலாம்; நீந்திச் சென்று உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அது பெரிய நன்மையே. ஆயினும் சேற்றுக்கென்று ஒரு தனித் துளை வேண்டும் என்ற எண்ணம் பல இடங்களில் மறக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு 2017-இல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது. அப்பெயருக்குள் இருந்த ஊர்ப்பொறுப்பு எவ்வளவு மீண்டது என்பதை ஒவ்வோர் ஊரும் தன் கண்மாயைப் பார்த்தே கூற வேண்டும்.

பெரிய அணைகளின் கதையும் இதையே கற்பிக்கிறது. எகிப்தில் நைல் ஆற்றின் குறுக்கே அசுவானில் 1902-இல் முடிந்த பழைய அணைக்கு 180 மதகுகள் வைத்தார்கள். வெள்ளம் வண்டலோடு வரும் காலத்தில் மதகுகளைத் திறந்து அதைப் போகவிட்டு, வெள்ளம் தெளியும் காலத்திலேயே நீரைத் தேக்கினார்கள். சீனத்தில் மஞ்சள் ஆற்றின் குறுக்கே 1960-இல் நீர் தேக்கத் தொடங்கிய சான்மென்சியா அணையோ, வண்டலுக்கு ஏற்ற வழி இல்லாமையால் ஒருசில ஆண்டுகளிலேயே பெரிதும் தூர்ந்தது. பின்னர் மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்தும், அணையின் அடியில் மூடியிருந்த வாய்களைத் திறந்தும் சேற்றுக்கு வழிவிட்டார்கள். பல்லாயிரம் பேர் உழைத்துக் கட்டிய அணைக்கும் இறுதியில் ஒரு சேறோடித் துளை தேவைப்பட்டது.

நம் வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. அது 71 அடி நீரைத் தேக்க வல்லது. அந்த 71 அடியில் அடிப்பகுதியின் ஒரு பங்கு இன்று நீருக்குரியதாக இல்லை, வண்டலுக்குரியதாகிவிட்டது. அளவுகோல் காட்டும் அடி பழையதே. கொள்ளும் நீரோ குறைந்தது. வருசநாட்டுச் சரிவுகளில் காடு குறைந்ததும், மழையில் மண் அரிக்கப்பட்டு வைகையில் இறங்கியதும் அதற்குக் காரணங்களுள் முதன்மையானவை. 2021-இல் அம்மலைகள் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. புலிக்காகக் காக்கும் காடு, அணையையும் தூராமல் காக்கும். சேற்றை வெளியேற்றுவதைவிட வராமல் தடுப்பது எளிது என்பது எக்காலத்துக்கும் உரிய பாடம்.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு நீச்சற்குளத்துக்கு வருவோம். சிறு குளமாயினும் அதன் துயரம் ஏரியின் துயரமே. தொடக்கத்தில் நீண்ட கழியின் முனையில் தூரிகையும் வலையும் கட்டி ஆள் வைத்துத் துலக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வீட்டு நீச்சற்குளங்கள் பெருகியபோது, அந்த வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சி எழுந்தது. இன்று கிடைக்கும் பொறிகள் பலவாயினும் அவை மூன்று இனத்துள் அடங்கும்.

முதல் இனம் உறிஞ்சும் பொறி. குளத்து நீரை வடிகட்டிக்கு இழுக்கும் பம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதன் உறிஞ்சு வாயில் ஒரு குழாயை மாட்டி, குழாயின் முனையில் ஒரு தட்டைப் பொருத்திக் குளத்தின் அடியில் விடுகிறார்கள். பம்புக்குப் போகிற நீர் அடித்தூசியையும் கொண்டு போகிறது. நம் குமிழித் தூம்பின் தத்துவம் இதுவே. கண்ணாடித் தொட்டியில் நாம் கண்ட குறை, அதாவது வாய் இருக்கும் இடம் மட்டுமே துலங்கும் என்ற குறை, இதற்கும் உண்டு. அதனைத் தீர்த்தவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற பொறியாளர். அவர் 1974-இல் உருவாக்கிய 'கிரீப்பி கிராலி' என்ற பொறியில், உறிஞ்சும் நீரோட்டம் விட்டு விட்டுத் தடைபடும். ஒவ்வொரு தடையும் ஒரு சிறு அதிர்வாகித் தட்டைச் சற்றே முன்னே நகர்த்தும். நீரே துலக்கியது; நீரே நடத்தியது.

இரண்டாம் இனம் அழுத்தப் பொறி. வடிகட்டியிலிருந்து திரும்பி வரும் நீரின் வேகத்தை இது பயன்படுத்துகிறது. குழாய் வழியே பாயும் நீர் பொறியை ஓட்டும். அடிக்குப்பையை மேலே கிளப்பி, பொறியோடு கட்டிய ஒரு பைக்குள் தள்ளும். 1960-களில் கலிபோர்னியாவில் ஹோவர்ட் ஆர்னெசன் என்பவர் பரப்பிய 'பூல் ஸ்வீப்' நீரழுத்தத்தால் இயங்கும் பொறிகளுள் முன்னோடி. சில வகைகளுக்குத் தனியே இன்னொரு பம்பு வேண்டும்.

மூன்றாம் இனம் ரோபோ. இதற்குத் தன் மோட்டாரும் தன் வடிகட்டியும் உண்டு. குளத்தின் பம்பை இது நம்பியிருப்பதில்லை. தரையில் ஊர்ந்தும், பலவகைகளில் சுவரில் ஏறியும், தேய்த்து அள்ளிய அழுக்கைத் தன் கூடையிலேயே சேர்த்துக்கொள்ளும். 1983-இல் தொடங்கப்பெற்ற இசுரேல் நாட்டின் மேட்ரானிக்ஸ் நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. எனக்கு இதைக் காணும்போது உத்திரமேரூர்க் காலத்து ஓடம் நினைவுக்கு வருகிறது. தன் ஆற்றலால் நகர்ந்து, தன் கூடையில் சேற்றைச் சுமந்து கரைசேர்ப்பதே இரண்டின் தொழிலும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? நான்கு கேள்விகளைக் கேட்டால் விடை தானே கிடைக்கும்.

முதற் கேள்வி: அழுக்கு எத்தகையது? ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று நம் பள்ளத்தாக்கில் வீசும் வேகத்தை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் குளத்தில் விழுவது நுண்ணிய செம்மண் தூசி. அருகில் புளியமரம் நின்றால், விரல் நகத்தினும் சிறிய இலைகள் ஆயிரக்கணக்கில் விழும். மாமரமோ பலாமரமோ நின்றால் அகன்ற இலைகள் விழும். தூசிக்கு உறிஞ்சும் பொறி போதும். அகன்ற இலை அதன் குழாயை அடைத்துவிடும். அங்கே அகன்ற வாயும் பெரிய பையும் உடைய அழுத்தப் பொறி நன்று. தூசியும் இலையும் கலந்து விழும் இடத்தில், மெல்லிய வலையும் பெரிய கூடையும் உடைய ரோபோ ஏற்றது.

இரண்டாம் கேள்வி: ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உறிஞ்சும் பொறிக்குக் குளத்தின் பம்பு வலிவுள்ளதாக இருக்க வேண்டும். பொறி வேலை செய்யும் நேரமெல்லாம் பம்பும் ஓட வேண்டும். கம்பியோடு இணைந்த ரோபோவுக்கு வீட்டு மின்சாரத்தைக் குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் பெட்டி உண்டு. அப்பெட்டியை நீர் தெறிக்காத தொலைவில் வைத்து, மின்கசிவு கண்டால் உடனே துண்டிக்கும் கருவியோடு இணைக்க வேண்டும். ரோபோ வேலை செய்யும்போது எவரும் நீரில் இறங்கலாகாது. நீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் அலட்சியம் உயிரை வாங்கும்.

மூன்றாம் கேள்வி: சேறு எங்கே போகிறது? இதுவே தலையாய கேள்வி. வாங்குவோர் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வியும் இதுவே. உறிஞ்சும் பொறி அழுக்கைக் குளத்தின் மணல் வடிகட்டிக்கு அனுப்புகிறது. வடிகட்டி நிறைந்ததும் நீரை எதிர்த்திசையில் செலுத்தி அதைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் வீணாக வெளியேறும். நீர் அருமையான கோடையில் அது பெரிய இழப்பு. அழுத்தப் பொறியும் ரோபோவும் பையிலோ கூடையிலோ சேர்க்கின்றன. அதனைக் கையால் எடுத்துக் கொட்டிக் கழுவ வேண்டும். விலை குறைந்தது உறிஞ்சும் பொறி. நீரைச் சிக்கனப்படுத்துவது கூடையுள்ள பொறி. எது செலவு, எது சேமிப்பு என்பதை இரண்டையும் கூட்டியே கணக்கிடுக.

நான்காம் கேள்வி: பழுது பார்ப்பவர் யார்? பொறியை விற்பவர் பெருநகரில் இருப்பார். குளமோ உத்தமபாளையத்துக்கு அப்பால் இருக்கும். தேய்ந்த தூரிகையும் கிழிந்த பையும் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். தச்சருக்கும் கொல்லருக்கும் நெல் ஒதுக்கிய நம் முன்னோர் இக்கேள்வியை முதலிலேயே கேட்டவர்கள்.

இவற்றோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இம்மூன்று இனப் பொறிகளும் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டுமே அகற்றுகின்றன. நோய்க் கிருமிகளை அவை கொல்வதில்லை. குளோரின் அளவையும் நீரின் காரத் தன்மையையும் முறையாகச் சோதித்துக் காக்கும் வேலை மனிதனுடையது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது.

'தானியங்கி' என்ற சொல் நம்மைச் சிறிது ஏமாற்றுகிறது. பொறி தானே இயங்கும். தானே தன் கூடையைக் கொட்டிக்கொள்ளாது. குமிழித் தூம்பும் தானே சேற்றைத் தள்ளியது. அதன் அடைப்பைத் தூக்க ஒருவர் நீந்திச் செல்ல வேண்டியிருந்தது. கருவியின் திறமை எவ்வளவு உயர்ந்தாலும், அதன் கடைசிக் கண்ணி ஒரு மனிதருடைய பொறுப்பிலேயே முடிகிறது.

நீச்சற்குளம் சிலருக்கே உரியது. கண்மாய் ஊருக்கே உரியது. சிலருடைய குளத்துக்காக உலகெங்கும் அறிவாளிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்தித்துப் பொறி செய்திருக்கிறார்கள். ஊருடைய கண்மாய்க்காக அதே அளவு சிந்திப்பவர் எத்தனை பேர்? கண்மாய்களில் இன்று மழைமண் மட்டுமன்றிச் சாக்கடை நீரும் கலக்கிறது. அதை உண்டு தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை படர்கிறது. அள்ளிய தாமரையைக் கரையிலேயே குவித்துவிட்டு வந்தால், அடுத்த மழையில் அது மீண்டும் நீருக்குள் இறங்கும். சாக்கடையை நிறுத்தாமல் தாமரையை மட்டும் அள்ளினால், சில மாதங்களில் அது மீண்டும் மூடும். அழுக்கு எத்தகையது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற கேள்விகள் இங்கும் அவையே.

பொறியியல் பயிலும் மாணவர்களே, இரும்புக் கதவு வைத்த நம் மடைகளுக்கு இக்காலத்துக்கேற்ற ஒரு சேறோடித் துளையை எவ்வாறு அமைப்பது என்று எண்ணிப் பாருங்கள். வரலாறு பயிலும் மாணவர்களே, உங்கள் ஊர்க் கண்மாயில் பழைய கல் தூண்கள் நின்றால், அவற்றில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் படியெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பள்ளிச் சிறுவர்களே, இந்தக் கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது ஒருமுறை உள்ளே நடந்து சென்று, மடையின் வாய் தரைக்கு மேலே தெரிகிறதா, மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்த்து வாருங்கள். பார்த்ததை உங்கள் ஊர்க் கிராம சபையில் பெரியவர்களிடம் கூறுங்கள். ஏரி வாரியத்தின் 6 பேரும் தங்கள் வேலையை அவ்வாறு பார்ப்பதிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.